ஃபிளாப் வைத்த காலுக்குச் சீன மருந்து: பொட்டலத்தைப் பிரிக்கும் முன்

அத்தானுக்குக் குதிகாலில் ஃபிளாப் (புண்ணை மூட வேறு இடத்துத் தோல் சதையை நகர்த்தி வைக்கிற ஆபரேஷன்) வைத்த மறுநாள் காலையில், பார்க்க வந்த கடையநல்லூர் பாய் ஒருத்தர் ஆரஞ்சுப் பழத்தோடு ஒரு பொட்டலத்தையும் என் கையில் திணித்தார். அவர் மச்சான் சிங்கப்பூரில் இருக்கிறார். அங்கே ஆபரேஷன் ஆனவர்களுக்குச் சீனர்கள் இதைத்தான் கொடுப்பார்களாம், ரத்தம் நன்றாக ஓடுமாம், வைத்த சதை கறுக்காதாம். "காலைல மூணு, ராத்திரி மூணு உருண்டை குடுங்க தம்பி. டாக்டர்ட்ட போய்க் கேட்டுக்கிட்டு நிக்காதிய, அவங்க வேண்டாம்னுதான் சொல்லுவாங்க" என்றார். மேலே முழுக்கச் சீன எழுத்து, நடுவில் செங்கல் நிறத்தில் ஒரு வேரும் ஊதாப் பூவும்.

அந்தப் பொட்டலத்தை என்ன செய்வது, அதைவிட முக்கியமாகக் கட்டிலில் கிடக்கிற காலை எப்படிக் காப்பது என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. இப்போது அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. 19 ராத்திரி கூட இருந்தவன், கண்ணில் பட்டதையும் ரவுண்ட்ஸ் வருகிற டாக்டர்களைத் துளைத்துக் கேட்டதையும் அப்புறம் தேடிப் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஃபிளாப் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள், இது புரியாவிட்டால் மீதி எதுவும் புரியாது. கிராஃப்ட் என்று சொல்லும் தோல் ஒட்டு வேறு. அது நாற்றைப் பிடுங்கி நடுகிற மாதிரி, மெல்லிசாகத் தோலைச் சீவி எடுத்துப் புண்ணில் போடுவார்கள், கீழே இருக்கிற சதையிலிருந்து அதுவாக வேர் பிடித்துக்கொள்ள வேண்டும். எலும்போ நரம்போ வெளியே தெரிகிற இடத்தில் அது பிடிக்காது. அங்கேதான் ஃபிளாப். தோலையும் அடியிலுள்ள கொழுப்பையும் சில சமயம் சதையையும் சேர்த்து, அதற்கு ரத்தம் கொண்டுவருகிற குழாயோடு நகர்த்துவார்கள், அதாவது பாத்தியை அதன் வாய்க்காலோடு சேர்த்தே தூக்கிக்கொண்டு போவது. அத்தானுக்குக் கெண்டைக்காலின் பின்பக்கத்திலிருந்து எடுத்து, ரத்தக் குழாய் இருக்கிற காம்பை வெட்டாமல் அப்படியே திருப்பிக் குதிகாலுக்கு இறக்கியிருந்தார்கள். சிலருக்குக் குழாயையே அறுத்து எடுத்துப் போய், வேறு இடத்து ரத்தக் குழாயோடு மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்துத் தைப்பார்கள். எதுவானாலும் உயிர் இருப்பது அந்த ஒற்றை வாய்க்காலில்தான். ரத்தம் உள்ளே வருவதற்கு ஒரு வழி வேண்டும், வெளியே போவதற்கும் ஒரு வழி வேண்டும், நம் ஆட்கள் இரண்டாவதை மறந்துவிடுகிறோம்.

அடுத்தது, ரத்த ஓட்டத்தால் வருகிற சேதம். ரத்தம் நின்றால் சதை சாகும் என்பது எல்லாருக்கும் தெரியும். நின்ற ரத்தம் திரும்பி வரும்போதும் ஒரு அடி விழும் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கார் சாகுபடிக்குப் பாபநாசத்தில் தண்ணீர் திறந்துவிட்ட முதல் நாள் வாய்க்காலைப் பார்த்திருக்கிறீர்களா? காய்ந்து கிடந்த வாய்க்காலில் சேர்ந்த சருகு, பிளாஸ்டிக் கவர், செத்த எலி எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு வந்து மடையில் அடைத்துவிடும், தண்ணீர் வந்தும் கடைசி வயலுக்குப் பாயாது. கிட்டத்தட்ட அதேதான் இங்கேயும். ரத்தம் இல்லாத நேரத்தில் செல்லில் சேமிப்பு தீர்ந்து கழிவு சேர்கிறது. ஆக்சிஜன் திடீரென்று வந்ததும் அந்தக் கழிவோடு சேர்ந்து ஃப்ரீ ராடிக்கல் என்கிற, கண்டதையும் அரிக்கிற பொருள்கள் உண்டாகின்றன. நுண்குழாய்களின் உள்சுவர் புண்ணாகிறது, வெள்ளையணுக்கள் வந்து அதில் ஒட்டிக்கொள்கின்றன, குழாய் வீங்கி, சின்னச் சின்ன ரத்தக் கட்டி உறைந்து, பெரிய குழாயில் ரத்தம் ஓடினாலும் ஓரத்துக்குப் போய்ச் சேருவதில்லை. வாய்க்கால் கதைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம், மடையை மண்வெட்டியால் குத்திவிடலாம்.

சீன மருத்துவம் இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது. அதைச் சும்மா நாட்டு வைத்தியம் என்று ஒதுக்கிவிட முடியாது. ரத்தத்தை ஓடச் செய்து தேக்கத்தைக் கரைப்பது என்று அவர்களிடம் தனியாக ஒரு சிகிச்சை முறையே இருக்கிறது. வாங் சிங்ரென் என்ற வைத்தியர் 1830 வாக்கில் இந்தத் தேக்கத்தைக் குறிவைத்துப் பல கஷாயங்களை வகுத்தார். அதில் ஒன்றில் ஏழு சரக்கு, ஹுவாங்சி என்கிற வேர் மட்டும் மற்ற எல்லாவற்றையும் விடப் பல மடங்கு, கூடவே காய்ந்த மண்புழு. பக்கவாதத்துக்கு இன்றைக்கும் கொடுக்கிறார்கள். எங்கள் பொட்டலத்தில் இருந்த சிவப்பு வேர் தான்ஷென். பெயரிலேயே சிவப்பு இருக்கிறது. இது தவிர சுவான்சியோங், தாங்குயி, சான்சி, நம்மூரில் குசும்பப்பூ என்கிற ஹோங்ஹுவா எல்லாம் இந்த வரிசையில் வரும். மஞ்சளும் உண்டு, அவர்கள் கணக்கில் மஞ்சளும் ரத்தத்தை நகர்த்துகிற சரக்குதான். நம் வல்லாரையும் நிலவேம்பும் கோரைக்கிழங்கும்கூட வேறு பெயரில் அங்கே கடை அலமாரியில் இருக்கின்றன, ஆகவே இதை அந்நியச் சரக்கு என்று மிரளவும் வேண்டாம், அதிசயச் சரக்கு என்று மயங்கவும் வேண்டாம்.

ஆராய்ச்சியும் நடக்கிறது, நிறையவே. பெரும்பாலும் எலியின் முதுகில். முதுகுத் தோலில் நீளமாக ஒரு பட்டை வெட்டித் தூக்குவார்கள், ஒரு பக்கம் மட்டும் உடம்போடு ஒட்டியிருக்கும், திரும்பத் தைத்துவிடுவார்கள். நுனிப் பக்கம் ரத்தம் எட்டாமல் கறுக்கும். பாதி எலிகளுக்குச் சரக்கிலிருந்து பிரித்தெடுத்த பொருள், மீதிக்கு வெறும் உப்புத் தண்ணீர், ஏழாம் நாள் வாக்கில் எவ்வளவு பிழைத்தது என்று அளப்பார்கள். தான்ஷெனிலிருந்து எடுத்தது, சுவான்சியோங்கிலிருந்து எடுத்தது, மஞ்சளிலிருந்து எடுத்தது என்று பலவற்றில் நுனி கூடுதலாகப் பிழைத்திருக்கிறது, புது ரத்தக் குழாய் முளைத்திருக்கிறது, ஃப்ரீ ராடிக்கல் சேதம் குறைந்திருக்கிறது. பொய் இல்லை.

ஆனால் எலித் தோல் சதையில் ஒட்டாமல் தொளதொளவென்று இருக்கும், நம் தோல் அப்படி இல்லை. எலிக்குக் கொடுத்த மருந்தும் சுத்தமாகப் பிரித்து அளந்த ஒரே பொருள், பெரும்பாலும் ஊசியாக, கடையில் விற்கிற உருண்டை இல்லை. மனிதர்களிடம் பெரிய அளவில் ஒழுங்காக நடந்த சோதனை என்று எடுத்துக் காட்டுவதற்கு அதிகம் கிடையாது. இதையெல்லாம்விட என் மண்டையில் உறைத்தது வேறு. மனிதர்களுக்கு ஃபிளாப் கெட்டுப்போவது பெரும்பாலும் காம்பு மடங்கி, முறுக்கி, நசுங்கி, உறைந்துபோய்த்தான். வாயில் போட்ட மருந்து ஃபிளாப்புக்குப் போக வேண்டுமானால் அதே காம்பு வழியாகத்தான் போக வேண்டும். வாய்க்கால் அடைத்துக் கிடக்கும்போது தலைமடையில் உரம் கொட்டி என்ன பிரயோசனம்?

இடையில் ஒன்று. ஃபிளாப் விஷயத்தில் சீனாவுக்கு நாம் நிஜமாகக் கடன்பட்டிருப்பது வேருக்கு இல்லை, கத்திக்கு. துண்டான கையைத் திரும்ப ஒட்டிக் காட்டியது 1963-ல் ஷாங்காயில் சென் ஜோங்வெய் குழு. முன்கைத் தோலை எடுக்கிற ஃபிளாப்பை யாங் குவோஃபான் குழு 1981-ல் எழுதியது, உலகமே அதைச் சீன ஃபிளாப் என்றுதான் கூப்பிட்டது. தொடைப்பக்கத்து ஃபிளாப் 1984, அதுவும் அங்கிருந்துதான். எங்களுக்கு அடுத்த கட்டிலில் இருந்த பெரியவருக்குப் புகையிலையால் நாக்கில் புற்று, முன்கைத் தோலை எடுத்து நாக்குக்கு வைத்திருந்தார்கள். பாய் கொண்டுவந்த பொட்டலம் என் பையில் கிடந்தது, உண்மையான சீன வைத்தியம் இரண்டடி தள்ளி அந்தப் பெரியவர் வாய்க்குள் இருந்தது. நம் பக்கமும் குறைச்சல் இல்லை, நெற்றித் தோலை இறக்கி மூக்கு செய்கிற நம் நாட்டு வித்தை 1794-லேயே லண்டன் பத்திரிகையில் படத்தோடு வந்திருக்கிறது.

பொட்டலம் கைக்கு வந்தால்

கொண்டுவந்தவரிடம் சண்டை போடாதீர்கள். வாங்கி வையுங்கள், கொடுக்காதீர்கள். அன்றைக்கே பொட்டலத்தை நான்கு பக்கமும் போட்டோ எடுத்து, ரவுண்ட்ஸ் வரும்போது டாக்டரிடம் காட்டுங்கள். "இதுல தான்ஷென்னு ஒரு வேர் இருக்காம், இவருக்குப் போடுற ரத்தம் உறையாத ஊசியோட சேருமா?" என்று நேராகக் கேளுங்கள். சீன மருந்து கொடுக்கலாமா என்று மொட்டையாகக் கேட்டால் வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் போய்விடுவார்கள், பெயர் சொல்லிக் கேட்டால் நின்று பதில் சொல்கிறார்கள், என் அனுபவம் அது.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை என்றால், ஃபிளாப் வைத்தவர்கள் பலருக்கு ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஊசியோ ஆஸ்பிரின் மாத்திரையோ ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும். இதயத்தில் வால்வு மாற்றியவர் என்றால் வார்ஃபரினும் இருக்கலாம். தான்ஷெனும் தாங்குயியும் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டிவிடுகின்றன, ரத்தப் பரிசோதனையில் ரத்தம் உறைய எடுக்கிற நேரம் எகிறியது பதிவாகியிருக்கிறது. கிங்கோ என்கிற மர இலை மாத்திரையும் ரத்தக் கசிவு விஷயத்தில் சந்தேகப் பட்டியலில் இருப்பதுதான். ரத்தம் கூடுதலாக ஓடினால் நல்லதுதானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் புதிதாகத் தைத்த ஃபிளாப்புக்கு அடியில் ரத்தம் கசிந்து கட்டினால் அந்தக் கட்டியே காம்பை அமுக்கும், அமுக்கினால் ஃபிளாப் சாகும். சதையைக் காக்கக் கொடுத்த மருந்தே சதையைக் கொல்கிற வழி இது.

சரக்கு எதுவென்று தெரியாத கலப்பு மருந்து இன்னும் மோசம். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடம்பு இளைக்கக் கொடுத்த சீன மூலிகை மாத்திரையில், பெயர் ஒத்துப்போன வேறு ஒரு செடி மாறி விழுந்து நூறு பேர் அளவில் சிறுநீரகம் கெட்டது. அந்தச் செடியின் இனம்தான் நம் வரப்பில் முளைக்கிற ஆடுதின்னாப்பாளை. சீன மருத்துவம் நம் நாட்டில் ஆயுஷ் முறைகளில் சேர்த்தி இல்லை. ஆகவே நெல்லையில் அந்த உருண்டையைப் பார்த்து இது நல்ல சரக்கு, இது கலப்படம் என்று சொல்லிக் கொடுக்கப் படித்த வைத்தியர் யாரையும் நீங்கள் தேடிப் பிடிக்க முடியாது. சீனாவில் ஆஸ்பத்திரியிலேயே தான்ஷென் ஊசி போடுகிறார்கள், உண்மை, அதை ஆன்லைனில் வரவழைத்து நீங்கள் போடச் சொல்லாதீர்கள்.

ஆபரேஷன் தேதி குறித்து வைத்துச் செய்வதாக இருந்தால், மூலிகை கேப்ஸ்யூல், லேகியம், மஞ்சள் மாத்திரை, பூண்டு மாத்திரை எதுவானாலும் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட்டு மயக்க டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ரசத்தில் போடுகிற பூண்டும் குழம்பில் போடுகிற மஞ்சளும் இந்தக் கணக்கில் வராது, அதை நிறுத்தி வாய்க்கு ருசியில்லாமல் செய்துவிடாதீர்கள். சர்க்கரை மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், அது டாக்டர் சொல்லித்தான்.

பீடி

எலி ஆராய்ச்சியை நம்புகிறவர்கள் முழுசாக நம்ப வேண்டும். அதே எலி முதுகில், அதே பட்டையில், நிக்கோட்டின் கொடுத்துப் பார்த்ததில் கறுத்த இடம் அதிகமாகியிருக்கிறது. நிக்கோட்டின் தோலின் சின்னக் குழாய்களைச் சுருக்கும், புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தான்ஷென் உருண்டை செய்வதாகச் சொல்கிற வேலைக்கு நேர் எதிர் வேலையை ஒரு கட்டு பீடி செய்கிறது, அதுவும் சந்தேகமே இல்லாமல். எங்கள் வீட்டில் அத்தையே முக்கூடலில் பீடி சுற்றுகிறவர், அவர் மகன், அதாவது அத்தான், ஒரு நாளைக்கு ஒரு கட்டு. ஆபரேஷனுக்கு முன் குறைந்தது 4 வாரம், பின்னால் புண் ஆறி முடிகிற வரை, ஒன்றுகூட வேண்டாம். விபத்தில் வந்தவருக்கு முன் 4 வாரம் ஏது, அந்த நிமிஷத்திலிருந்து நிறுத்த வேண்டியதுதான். நிக்கோட்டின் சூயிங்கமும் நிக்கோட்டின்தான், டாக்டரைக் கேட்காமல் வாங்கிக் கொடுக்காதீர்கள். கக்கூஸுக்குப் போகிறேன் என்று சக்கர நாற்காலியைத் தள்ளச் சொன்னால் கூடவே போய் வாசலில் நில்லுங்கள்.

ராத்திரி பார்ப்பது எப்படி

முதல் இரண்டு மூன்று நாள்தான் கண்டம், அதிலும் முதல் 48 மணி நேரம். நர்ஸ் வந்து பார்ப்பார், ஆனால் ஒரு வார்டுக்கு எத்தனை நர்ஸ் என்று நமக்குத் தெரியும். நீங்களும் பாருங்கள், மணிக்கு ஒரு தடவை. ஒரு 40 பக்க நோட்டு வாங்கி நேரம், நிறம், சூடு, வீக்கம் என்று நாலு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். அந்த நோட்டு என்னிடம் இன்னும் இருக்கிறது, நடுவில் இட்லி பார்சல் கணக்கும் எழுதியிருக்கிறேன்.

நிறம் பார்ப்பதில் ஒரு சிக்கல். புத்தகத்தில் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும், நம் நிறத்துக்கு அது எங்கே தெரியும்? ஃபிளாப் எந்த இடத்திலிருந்து எடுத்தார்களோ அந்த இடத்துத் தோலின் நிறத்தோடு ஒப்பிடுங்கள், சுற்றியுள்ள காலோடு இல்லை. எப்போதும் ஒரே வெளிச்சத்தில் பாருங்கள். வார்டு டியூப்லைட்டில் ஒரு தடவை, செல்போன் டார்ச்சில் ஒரு தடவை என்று மாற்றினால் இல்லாத கறுப்பெல்லாம் தெரியும். நான் டார்ச்சையே வைத்துக்கொண்டு ஒரே தூரத்திலிருந்து மணிக்கு ஒரு போட்டோ எடுத்தேன். கண் ஏமாற்றும், வரிசையாக வைத்துப் பார்த்தால் போட்டோ ஏமாற்றாது.

கையைக் கழுவிவிட்டு, டாக்டர் தொடலாம் என்று சொல்லியிருந்தால் மட்டும், புறவிரலால் தொட்டுப் பாருங்கள். பக்கத்துத் தோலைவிடச் சில்லென்று இருந்தால் கவலை. விரலால் மெதுவாக அமுக்கி எடுத்தால் வெளுத்து, இரண்டு மூன்று நொடியில் நிறம் திரும்ப வேண்டும். ரொம்ப நேரமாகியும் வராமல், வெளுத்து, குளிர்ந்து, சுருங்கிப்போய் இருந்தால் உள்ளே வருகிற வழி அடைத்திருக்கிறது. எடுத்தவுடனே சட்டென்று திரும்பி, வீங்கி விம்மி, ஊதாவாகவோ மை பூசினாற்போலவோ ஆகிக்கொண்டிருந்தால் வெளியே போகிற வழி அடைத்திருக்கிறது. இரண்டாவதுதான் ஏமாற்றும், ஏனென்றால் தொட்டால் சூடாகவே இருக்கும், ரத்தம்தான் நிறைய இருக்கிறதே என்று விட்டுவிடுவோம். கெண்டைக்காலிலிருந்து திருப்பி இறக்குகிற ஃபிளாப்புக்கு இந்தத் தேக்கம் வருவது சகஜம். டாக்டர்கள் ஊசியால் ஒரு குத்துக் குத்திப் பார்ப்பார்கள். பளிச்சென்ற சிவப்பு மெதுவாக வந்தால் நல்லது, கறுப்பு ரத்தம் குபுக்கென்று வந்தால் தேக்கம், வராமலே இருந்தால் வரத்து நின்றுவிட்டது. அந்தக் குத்து அவர்கள் வேலை, வீட்டு ஊக்கை எடுத்துவிடாதீர்கள்.

மாறுதல் தெரிந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். ராத்திரி 2 மணியானாலும் நர்ஸை எழுப்புங்கள், அவர் டியூட்டி டாக்டரைக் கூப்பிடட்டும், திட்டு வாங்கினாலும் பரவாயில்லை. தையலைத் தளர்த்துவதோ திரும்பத் தியேட்டருக்குக் கொண்டுபோய்க் காம்பைச் சரிசெய்வதோ எவ்வளவு சீக்கிரம் நடக்கிறதோ அவ்வளவு மிஞ்சும். மணிக்கணக்கில் பேசுகிற விஷயம் இது, நாள் கணக்கில் இல்லை.

எங்களுக்கு இரண்டாம் நாள் சாயங்காலம் அது நடந்தது. ஐந்து மணி போட்டோவுக்கும் ஏழு மணி போட்டோவுக்கும் நடுவில் ஓரம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. ஆறு மணிக்கு நான் பார்க்கவில்லை, டீ குடிக்கப் போயிருந்தேன். ஓடிப்போய் நர்ஸைக் கூட்டிவந்தேன். அவர் போர்வையை விலக்கினார். கட்டுக்கு மேலே, காம்பு இறங்குகிற இடத்தில், வீங்கிய காலை அறுத்துக்கொண்டு ஒரு கறுப்புக் கயிறு. திருஷ்டிக்காக அத்தை மதியம் கட்டியது. நர்ஸ் ஒன்றும் பேசாமல் கத்தரியால் நறுக்கிக் குப்பையில் போட்டார். டாக்டர் வந்து இரண்டு தையலை எடுத்துவிட்டார், காலைத் தூக்கி வைத்தார்கள், ராத்திரி பதினொரு மணிக்குமேல் நிறம் இறங்க ஆரம்பித்தது. ஓரத்தில் இரண்டு விரல் அகலம் மட்டும் கடைசியில் கறுத்து உதிர்ந்தது, மீதி நின்றது. அத்தை நாலு நாள் என்னிடம் பேசவில்லை, கயிற்றை நான் அறுக்கச் சொன்னதாக நினைத்துக்கொண்டு.

ஆகவே கயிறு, கொலுசு, இறுக்கமான சாக்ஸ், முறுக்கிய போர்வை எதுவும் காம்பின் மேல் வேண்டாம். திருஷ்டிக் கயிறு கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கட்டில் காலில் கட்டுங்கள். எந்தப் பக்கம் படுக்கலாம், தலையணை எங்கே வரலாம் என்று டாக்டரிடம் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் படமாக வரைந்து வைத்துவிடுங்கள், ஆள் மாறி ஆள் வருகிற இடத்தில் வாயால் சொல்வது நிற்காது. ஃபேன் காற்று நேராக ஃபிளாப்பில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குளிர்ந்தால் குழாய் சுருங்கும். அதற்காக வெந்நீர்ப் பை வைத்துவிடாதீர்கள், ஃபிளாப்புக்கு உணர்ச்சி இருக்காது, வெந்தாலும் அவருக்குத் தெரியாது. பச்சிலை, தேங்காய் எண்ணெய், மஞ்சள் பற்று, சீனத் தைலம், ஒன்றும் மேலே தடவாதீர்கள். வலிக்கு மாத்திரை கேட்டு வாங்குங்கள், வலியைத் தாங்கிக்கொண்டு கிடந்தாலும் குழாய் சுருங்கும். டாக்டர் தடுக்காத வரை தண்ணீர் நிறையக் கொடுங்கள்.

அட்டை

தேக்கத்துக்கு அட்டை விடலாமே என்று யாராவது சொல்வார்கள். சிரிக்காதீர்கள், சரியான பேச்சுதான். சித்த மருத்துவத்தில் அட்டை விடுதல் பழைய முறை, சீனர்கள் அட்டையைக் காயவைத்துப் பொடித்து உள்ளுக்கே கொடுக்கிறார்கள், அமெரிக்க அரசு 2004-ல் மருத்துவ அட்டைக்கு அனுமதி கொடுத்தது. ரத்தம் வெளியே போக வழியில்லாத ஃபிளாப்பில் அட்டையை விட்டால் அது குடிப்பது மட்டுமில்லை, அதன் எச்சிலிலுள்ள ஹிருடின் ரத்தத்தை உறையவிடாது, அட்டை விழுந்த பிறகும் மணிக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். புது ரத்தக் குழாய் முளைக்கிற வரை அது ஒரு தற்காலிக வடிகால். சீன மருந்துப் பட்டியலில் ஃபிளாப்புக்கு ஆஸ்பத்திரிகள் நிஜமாகவே கையில் எடுத்திருக்கிற ஒரே உருப்படி என்று இதைத்தான் சொல்வேன், அதுவும் பொடியாக இல்லை, உயிரோடு. ஆனால் வரத்து நின்ற ஃபிளாப்புக்கு இது உதவாது. அட்டையின் குடலில் இருக்கிற கிருமி புண்ணில் ஏறும், அதற்கு ஆன்டிபயாடிக் சேர்த்தே கொடுக்க வேண்டும், ரத்தம் எவ்வளவு போகிறது என்று பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். மாஞ்சோலையில் பிடித்து வருகிறேன் என்று கிளம்புகிறவரை உட்கார வையுங்கள், காட்டு அட்டை வேறு, மருந்துக்கு விடுகிற நீர் அட்டை வேறு. குளத்தில் பிடித்ததும் வேண்டாம். வேண்டுமா என்பதை ஃபிளாப் வைத்த டாக்டர் சொல்லட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

புண் மூடிய பிறகு உடம்பு தேற மூலிகை எடுக்க ஆசையிருந்தால், பொட்டலத்தை நம்புவதைவிடப் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறுங்கள். அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-லிருந்து அங்கே இருக்கிறது. டிஸ்சார்ஜ் சீட்டையும் சாப்பிடுகிற மாத்திரையையும் எடுத்துக்கொண்டு போய், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வல்லாரை கேட்டால் துவையல் அரைக்கச் சொன்னாலும் சொல்வார்கள்.

ஃபிளாப்புக்கு உணர்ச்சி திரும்ப மாதக்கணக்காகும், முழுசாகத் திரும்பாமலும் போகலாம். செருப்புக் கடிப்பதும் வெயிலில் தார் ரோடு சுடுவதும் தெரியாது, பைக் சைலன்சர் பட்டால்கூடத் தெரியாது. தினமும் ராத்திரி கண்ணாடியைக் கீழே வைத்து ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள், சர்க்கரை இருக்கிறவர் என்றால் கட்டாயம்.

மூன்று மாதம் கழித்துப் பாய் வீட்டுக்கு வந்தார். அத்தான் திண்ணையிலிருந்து எழுந்து நாலு அடி நடந்து காட்டினார். பாய்க்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியளா, அந்த உருண்டை என்ன வேலை செஞ்சிருக்குன்னு! இன்னும் ரெண்டு பொட்டலம் வரச் சொல்லியிருக்கேன்" என்றார். பிரிக்காத பொட்டலம் உள்ளே பீரோவின் மேல், 40 பக்க நோட்டுக்கு அடியில் இருந்தது. அத்தான் என்னைப் பார்த்தார். "பாய்க்கு டீ போடச் சொல்லுதேன்" என்று நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.